உயிருள்ள மண்

'உயிருள்ள மண்' விருதுக்கு வயலைப் பார்வையிட அதிகாரி வரும் நாள். பத்து வருடம் மருந்தடித்த மண்ணில் ஒரு புழுகூட இல்லை. விவசாயி காலையிலேயே ஒரு வாளி மண்புழுவை விலைக்கு வாங்கிவந்து கீரைப்பாத்தியில் புதைத்தார்.

அதிகாரி மண்வெட்டியைத் தூக்குமுன்பே புழுக்கள் மேலே வந்தன. எல்லாம் ஒரே திசையில், கொதிக்கும் தார்ச்சாலையை நோக்கி ஊர்ந்தன.

“அடேங்கப்பா, என்ன சுறுசுறுப்பு!” என்று அதிகாரி கைதட்டினார்.

“உங்களை வரவேற்க வருதுங்க சார்.”

சாலையில் ஏறியவை சுருண்டு காய்ந்தன. பின்னால் வந்தவையும் திரும்பவில்லை.

மதியத்துக்குக் கீரை பறித்துக்கொண்டிருந்த மனைவி, மடியிலிருந்ததைக் கீழே கொட்டினாள். “ஏங்க, செத்தாலும் பரவால்லன்னு அதுங்க ஓடுது. நம்ம புள்ளைக்குத் தினமும் இதைத்தானே ஊட்டுறோம்?”

“மெதுவா பேசுடி. கையெழுத்துப் போட்டுட்டிருக்காரு.”