சாயத்தண்ணீர்

அம்மன் திருவிழா முடிந்த மறுநாள், எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கீழ் லயத்துக் குழாயில் தண்ணீர் ரோஸ் நிறத்தில் வந்தது. சேதி கேட்டு நான் ஓடிப்போனபோது வரிசையிலிருந்த இருபது காம்பரா வீட்டுச் சனமும் குழாயடியில் நின்றது. கருப்பம்மா குடத்துக்கு முன்னால் சூடம் கொளுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா எறங்கி வந்துட்டா நல்லம்மா! குங்குமத்தக் கரைச்சு அனுப்பியிருக்கா!" என்று என்னைப் பார்த்துக் கூவினாள்.

எங்கள் ஆட்கள் சாமி விஷயம் என்றால் மூளையைக் கழற்றிக் கூரையில் சொருகிவிடுவார்கள். ஒருத்தி பிள்ளைகளின் வாயில் அந்தத் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினாள். விஜயலெட்சுமி அழுதுகொண்டே கும்பிட்டாள். அவளுக்கும் சின்னராசாவுக்கும் பிறந்த எட்டு மாதக் குழந்தை லதுஷா பத்து நாளாக வயிற்றோட்டத்தில் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மாமியாரைத் துணைக்கு வைத்துவிட்டு, நேர்த்திக்கடன் தீர்க்க நேற்றுத்தான் தோட்டத்துக்கு வந்திருந்தாள்.

"இனி எம்புள்ள பொழச்சுக்கும்க்கா" என்றாள்.

அந்த நிறத்தை நேற்று மத்தியானம் நான் மேட்டு லயத்தில் பார்த்திருந்தேன். திருவிழாவின் கடைசி நாள் மஞ்சள்நீர் விளையாட்டு. உட்கார்ந்து மஞ்சள் அரைக்க இப்போது யாருக்குப் பொறுமை இருக்கிறது? பதுளை பஜாரில் சாயப்பொடி வாங்கிவந்து பீப்பாயில் கரைத்துவிட்டார்கள். மேட்டு லயத்துச் சனம் தலையிலிருந்து கால்வரை ரோஸாகி, புதிதாகக் கட்டிய குளியலறைகளில் போய்க் குளித்தது. மிஞ்சிய இரண்டு பீப்பாயையும் கக்கூஸுக்குள் கவிழ்த்தார்கள். இரண்டுக்கும் ஒரே குழிதான்.

அந்தக் குழிக்குள் போன சாயம் எங்கள் குழாயில் வருகிறதென்றால், அதோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் வரும்?

"குடிக்காதீங்க! கொட்டுங்க எல்லாத்தையும்!" என்று கத்திக்கொண்டே ஒரு குடத்தைக் காலால் தள்ளிவிட்டேன்.

"ஏண்டி, ஒனக்குப் பைத்தியமா? சாமி குத்தம் ஆயிரும்" என்று கருப்பம்மா என் கையைப் பிடித்தாள்.

"சாமியுமில்ல பூதமுமில்ல. மேட்டு லயத்துக் கக்கூஸ் தண்ணி அது!"

"அது எங்கேயோ மேல கெடக்கு. கொழாய்க்கு வர்ற ஊத்துத் தொட்டிக்குக் கொங்கிறீட்டு மூடி போட்டிருக்கு. மாதர் சங்கத் தலைவின்னா எல்லாம் தெரியுமோ?"

தெரியும். சொன்னால் என் குட்டுத்தான் உடையும். ஆனால் கண்ணெதிரே ஒரு பிள்ளை இன்னொரு மடக்கு விழுங்கியது. சொல்லிவிட்டேன்.

"குழி வெட்ட எடம் காட்டுனது நான்தான். ஊத்துக்கு நேர் மேல."

முந்தின வருஷம், 2002 இல், மேட்டு லயத்துக்குக் கக்கூஸ் கட்ட ஒரு திட்டம் வந்தது. அதுவரை அங்குள்ள பெண்கள் அட்டைக்கடியோடு தேயிலைக்குள் ஒதுங்கிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்து மேனேஜர் துரையோ ஒரு செடியைக்கூடப் பிடுங்கவிடமாட்டேன் என்றுவிட்டார். செடி இல்லாத தரை, ஊற்றுக்கு மேலே இருந்த மொட்டைத் திடல் ஒன்றுதான். திட்டத்து அதிகாரி இரகுநாதன் ஐயா, யாழ்ப்பாணத்து மனிதர், என்னிடம் கேட்டார்: "இதுக்குக் கீழ தண்ணி எடுக்கிற இடம் ஏதும் இருக்கோ?" ஆமாம் என்றால் கக்கூஸே வராது. "இல்லைங்கய்யா" என்றேன். தொட்டிக்குத்தான் மூடி போட்டிருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மண்ணுக்குள்ளே தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று எனக்கு என்ன தெரியும்? தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்ன திமிரை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் சொல்லி முடித்ததும் யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒரு தாய் பிள்ளையைக் குனியவைத்து வாய்க்குள் விரலை விட்டாள். கருப்பம்மா தன் குடத்தைக் கவிழ்த்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

விஜயலெட்சுமி என் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, பத்து நாளா அவரு தெனமும் நம்ம தண்ணியத்தான் பஸ்ஸுல கொண்டுபோனாரு. பச்சத்தண்ணியா. தண்ணி மாறுனா புள்ளைக்கு ஒத்துக்காதுன்னு நீதான சொன்ன? ரெண்டு தடவ வயித்தோட்டம் நின்னுச்சு. ரெண்டு தடவையும் திரும்பப் புடுங்கிச்சு."

சொன்னேன். எங்கள் தோட்டத்தில் எல்லாரும் சொல்வதுதான். வெளியூர்ப் பயணம் போனாலும் நாங்கள் தண்ணீரைக் கையோடு கொண்டுபோகிறவர்கள்.

"இன்னிக்கு?" என்று கேட்டேன்.

"மொத பஸ்ஸுல போயிட்டாரு. ஆத்தா குடுத்த தண்ணின்னு ஒரு போத்தல் நெறையப் புடிச்சுக்கிட்டு."

இருவரும் தோட்டத்து ஆபீசுக்கு ஓடினோம். வழுக்கிற குறுக்குப்பாதையில் அவள் இரண்டு தடவை விழுந்து எழுந்தாள். கிளாக்கர் ஐயா எங்கள் முகத்தைப் பார்த்ததும் ஆஸ்பத்திரி நம்பரைச் சுழற்றி ரிசீவரை என்னிடம் கொடுத்தார். யார் யாரோ எடுத்து, கடைசியில் பிள்ளைகள் வார்டிலிருந்து குணமணி என்கிற யாழ்ப்பாணத்துத் தாதி பேசினார்.

"சின்னராசாவின்ர பிள்ளையோ? தகப்பன் இப்பதான் வந்தவர். கோயில் தண்ணியாம். நான் வரேக்க பிள்ளை குடிச்சு முடிச்சிட்டுது. நல்ல தாகம் போல. பயப்படாதேங்கோ, சிரிச்சுக்கொண்டு கிடக்குது."

நான் ரிசீவரைக் கீழே வைத்தேன். விஜயலெட்சுமி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னக்கா சொல்றாங்க? இன்னும் குடுக்கலதானே?"