ஞானபாக்கியத்தின் உபயம்

1959இல் தென்காசியில் புது மாதா கோயில் எழும்பியபோது, பீடத்துக்குப் பின்னால் வைக்கும் பெரிய படம் தன் உபயம் என்று ஞானபாக்கியம் சாமியாரிடம் சொல்லிவிட்டாள். புருஷன் சவரிமுத்து இறந்த பிறகு புளியந்தோப்பையும் கடையையும் ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்தவள். பிள்ளை கிடையாது.

கிழவயதில் கருவுற்ற எலிசபெத்தம்மாளை மாதா பார்க்கப் போகும் காட்சிதான் வேண்டும் என்றாள். நாடகத் திரை எழுதும் ஆதித்தன் குற்றாலத்தில் தன் கொட்டகையில் வேலையைத் தொடங்கினார்.

"ரெண்டு பொம்பளையாளு மட்டுமா ஆச்சி?"

"ஆமா அண்ணாச்சி. காலமெல்லாம் மலடின்னு பேச்சு வாங்குனவள, மாதா மலையேறிப் போயி கட்டிப்பிடிச்சா. அது போதும்."

ஆடிச் சாரலில் எண்ணெய்ச் சாயம் காயவே மாட்டேன் என்றது. ஒருநாள் பார்க்கப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். இரண்டு பெண்களுக்கும் நடுவே எலிசபெத்தின் புருஷன் சக்கரியா அகலமாக நின்றார். முகம் சவரிமுத்துவுடையது. கீழே, 'சவரிமுத்து குடும்பத்தார் உபயம்.'

மூலையில் கொழுந்தன் மரியசூசை உட்கார்ந்திருந்தார். அண்ணன் ஜாடை அப்படியே அவருக்கு உண்டு; அவரைப் பார்த்துத்தான் ஆதித்தன் அந்த முகத்தை எழுதியிருந்தார்.

"நான்தான் எழுதச் சொன்னேன் மதினி. அண்ணனுக்கு ஒரு போட்டோகூட இல்லியே. அவிய மொகம் எங்கயாவது இருக்க வேண்டாமா?"

ஞானபாக்கியம் படத்துக்குக் கிட்டே போனாள். அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆதித்தன் டர்பன்டைனில் நனைத்த துணியை நீட்டினார். "ஈரமாத்தான் இருக்கு ஆச்சி. தொடச்சா போயிரும்."

அவள் எழுத்தை மட்டும் துடைத்தாள்.

"ஆள வாசப்படிக்குக் கொண்டுபோங்க அண்ணாச்சி. விருந்தாளிய வாங்கன்னு கூப்பிடுத மாதிரி நிக்கட்டும். அவிய அப்படித்தான் நிப்பாவ. நடுவுல வேண்டாம். பேரு, ஞானபாக்கியம் உபயம்னு எழுதுங்க."

"பொம்பள பேரு மட்டுமா? ஊரு என்ன சொல்லும் மதினி?"

"புளி உலுக்க ஊரா வந்துச்சு?"

மரியசூசை விருட்டென்று எழுந்து மழையிலேயே போய்விட்டார். படத்தைக் கோயிலில் வைத்து மந்திரித்து ஆசீர்வதித்த அன்று, சாமியார் அவள் பெயரைச் சத்தமாக வாசித்தபோது மரியசூசை அங்கே இல்லை. ஞானபாக்கியத்துக்கு அது உறுத்தியது.

அடுத்த ஞாயிறு, பூசைக்கு வெகுநேரம் முன்பே அவர் படத்தின் முன்னால் தனியாக முழங்காலிட்டிருந்தார். அவளும் பக்கத்தில் போய் முழங்காலிட்டாள்.

"அண்ணனுக்கு மூக்கு இன்னும் கொஞ்சம் சப்பை மதினி," என்றார் அவர், திரும்பாமலேயே.

"ஆமா," என்றாள். கோயில் என்றும் பாராமல் சிரித்துவிட்டாள்.