சிவப்பே காட்டாத விண்ணப்பம்

"டேய், பட்டனை அமுக்கினா திரும்பவும் அதே பக்கம்தான் வருது," என்றாள் அக்கா போனில்.

மருத்துவமனை செவிலியர் வேலைக்கு அன்று மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் முடிகிறது. வயது வரம்பைத் தாண்டப்போகும் அக்காவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அந்த இணையப் பக்கத்தை எழுதியவன் நான்தான்.

"தப்பா எதையாவது போட்டிருப்பே. எந்தக் கட்டத்துக்குக் கீழயாவது சிவப்பு எழுத்து இருக்கா பாரு."

"ஒரு சிவப்பும் இல்லடா. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."

"அப்ப உன் நெட்டு சரியில்ல," என்று எரிந்து விழுந்தேன். என் வேலையில் குறை இருக்கும் என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை.

ஆனாலும் வரும் விண்ணப்பம் ஒவ்வொன்றையும் குறித்துவைக்கும் சர்வரின் பதிவைத் திறந்தேன். அக்காவின் விண்ணப்பம் ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. காரணமும் இருந்தது: பழைய வேலையை விட்ட ஆண்டு, சேர்ந்த ஆண்டுக்கு முந்தையது. தனித்தனியே பார்த்தால் இரண்டு கட்டமும் சரி. சேர்த்துப் பார்த்தால்தான் பிழை. அதனால் அந்தச் சிவப்பு எழுத்து எந்தக் கட்டத்துக்குக் கீழும் வராது, பக்கத்தின் உச்சியில்தான் வரும். அந்த உச்சி வரியைத்தான் போன வாரம் நீக்கியிருந்தேன். "எடுத்த உடனே சிவப்பா இருந்தா ஜனங்க பயந்துருவாங்கப்பா," என்றார் எங்கள் மேலாளர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சாந்தசொரூபி. நானும் பூம்பூம் மாடு போலத் தலையாட்டினேன்.

"அக்கா, ரெண்டு வருஷத்தையும் மாத்திப் போட்டிருக்கே. சரி பண்ணிட்டு அமுக்கு."

மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"போயிடுச்சுடா! நம்பர் வந்திருச்சு!" என்று கத்தினாள். "நீ அங்க இருந்ததால தப்பிச்சேன்."

என்னால் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. பதிவில் இன்னும் பலருடைய விண்ணப்பங்கள் இப்படியே திரும்பிக்கொண்டிருந்தன. சாந்தசொரூபியைக் கேட்காமலேயே அந்தச் சிவப்பு வரியை மறுபடி பக்கத்தின் உச்சியில் ஏற்றினேன்.

பதிவில் யாரோ ஒரு பெண் மதியத்திலிருந்து விடாமல் அமுக்கியிருந்தாள். இன்னும் ஒரே ஒரு தடவை அமுக்கினால் போதும், காரணம் கண்ணில் படும். "அமுக்கு தாயே, அமுக்கு," என்று திரையைப் பார்த்துக் கெஞ்சினேன்.

ஐந்து மணிக்குப் பக்கம் மூடிக்கொண்டது. அந்த வரி ஏறிய பிறகு அவள் அமுக்கவே இல்லை.