அலை கொண்டுபோகவில்லை

முதல் அடி லோறன்ஸின் தோளில் விழுந்தது. திருக்கை வால். தோல் பிளந்து இரத்தம் முதுகு வழியே இறங்கியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலில் நின்றான்.

"தாங்கு," என்றான் டிலோஜன். "இந்த நோவுக்குள்ளாலதான் உன்ர தம்பி வருவான்."

டிலோஜன் ரொறன்ரோவில் பிறந்தவன். தகப்பன் மட்டும் இந்த ஊர்ப் பக்கத்தவர். மகியங்கனையில் இலங்கையின் ஆதிக்குடிகளான வேடர்களோடு மூன்று கிழமை தங்கி, செத்த உறவினரை அழைக்கும் அவர்களுடைய சடங்கைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து வந்து, இலுப்பைக்கடவைக் கடலோரப் பற்றைக்காட்டில் கொட்டில் போட்டிருந்தான். கோயிலுக்கும் சேர்ச்சுக்கும் முந்திய ஆதி வழி என்று சொல்லிக்கொண்டான். அம்பும் தேங்காய்ப்பால் சட்டியும் அங்கே பார்த்தவை. திருக்கை வால் மட்டும் அவனுடைய சொந்தச் சேர்க்கை. அன்று காலை பேசாலைக் கரையில் வாங்கியது.

லோறன்ஸ் அந்தப் பேசாலையில் கடலுக்குப் போகிறவன். அடி விழுமுன், வாலைப் பார்த்ததுமே கேட்டிருந்தான்.

"முள்ளை உடைக்காமலே கொண்டு வந்தனி? விஷமடா அது."

"உடைக்கத்தான் வெளிக்கிட்டவங்கள். நான்தான் விடேல்லை. அதிலதான் சக்தி இருக்கு."

மேளத்தோடு குந்தியிருந்த ஓட்டோக்கார வஸீர் வாயைப் பொத்திச் சிரித்தான். "அண்ணை, சக்தி கெதியா வந்தால் நல்லம். ஆறு மணிக்கு எனக்கு ஒரு ஹயர் ஓட்டம் இருக்கு."

லோறன்ஸ் சிரிக்கவில்லை. மூன்று வருடமாக அவன் சேர்ச்சில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பான், தன் முறை வருமுன் வெளியே வந்துவிடுவான். அங்கே பாவத்தை வாயைத் திறந்து சொல்ல வேண்டும். "இங்க நீ ஒண்டும் சொல்லத் தேவையில்லை, செத்தவனே வந்து மன்னிப்பான்" என்று டிலோஜன் சொல்லியிருந்தான். அந்த மன்னிப்புக்காகத்தான் வந்தான். வீட்டில் அவன் கை நிற்கவில்லை. முதலில் கதவு, பிறகு கதிரை, போன கிழமை மனைவி லூர்தம்மாவின் தாடை. அடுத்தது யாருடைய உயிரோ என்று அவனுக்கே பயமாக இருந்தது.

செத்தவன் தம்பி ஜெராட். இருவரும் போன படகில் அலை அடித்துக் கடலில் விழுந்து செத்தான் என்று ஊர் முழுக்கத் தெரியும். செத்தவனின் பெண்சாதியும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று டிலோஜன் சொன்னதால் ஜெயகௌரியும் வந்திருந்தாள். தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் பிறந்து, திரும்பி வந்து ஜெராட்டைக் கட்டியவள்.

"அத்தான், போதும், எழும்புங்கோ," என்றாள் அவள். "அடிக்கிற இவருக்கு விசர். அவர் வாறதெண்டால் என்னட்டச் சொல்லிப்போட்டு வரமாட்டாரோ?"

இரண்டாவது அடி விழுந்தது. மூன்றாவது விழுந்தது. டிலோஜன் அம்பைப் பால் சட்டியில் தோய்த்தான், உடம்பை உதறினான், கண்ணை மேலே செருகினான். குரல் மாறியது.

"அண்ணா... அலை பெரிசா வந்தது. நீ கை நீட்டினனி. எனக்குத்தான் எட்டேல்லை. உன்னில ஒரு பிழையும் இல்லை."

ஜெயகௌரி விம்மினாள்.

லோறன்ஸ் தலையை நிமிர்த்தினான். பொலிசுக்கும் பங்குத்தந்தைக்கும் இவளுக்கும் அவன் சொன்ன அதே கதை. ஒரு சொல் பிசகாமல் திரும்பி வந்தது. ஜெராட் வந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லியிருக்கவே மாட்டான்.

அவன் எழும்பியது யாருக்கும் தெரியவில்லை. டிலோஜனின் மூக்கு உடைந்த சத்தம்தான் கேட்டது.

வாலைப் பறித்து முகத்தில் அடித்தான், கழுத்தில் அடித்தான். பாய்ந்து பிடித்த வஸீர் மேளத்தின் மேல் போய் விழுந்தான். டிலோஜன் தவழ்ந்து தப்பப் பார்க்க, லோறன்ஸ் வாலின் அடிப்பக்கத்தால் அவன் தொடையில் குத்தினான். முள் ஏறியது. டிலோஜன் மிருகம்போல அலறினான். லோறன்ஸ் பால் சட்டியைத் தலைக்கு மேலே தூக்கினான்.

"அண்ணை, சாகப்போறான்!" என்று வஸீர் கத்தினான்.

டிலோஜனின் நெற்றிப்பொட்டிலிருந்து இரத்தம் வழிந்து காதுக்குள் போனது. அவன் அசையாமல் கிடந்தான். அவன் இனி அசைவானா என்று தான் பார்த்துக்கொண்டு நிற்பது லோறன்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது. முன்பும் இப்படித்தான் நின்றான்.

சட்டியைக் கீழே வைத்தான்.

"வஸீர், ஓட்டோவை எடு. ஆஸ்பத்திரியில திருக்கை முள் எண்டு சொல்லு. சுடுதண்ணியில தொடையை வைக்கச் சொல்லு."

தூக்கி ஏற்றும்போது டிலோஜனுக்கு நினைவு வந்தது. "உன்ர தம்பியை... கூப்பிட்டுத் தந்தனான்..."

"அது வேடரின்ர சடங்கு. அவையின்ர ஆக்களை அவை கூப்பிடட்டும். என்ர தம்பியோட நான்தான் கதைக்கோணும்."

ஓட்டோ போன பிறகு லோறன்ஸ் கடலைப் பார்த்து முழங்காலில் விழுந்தான். சிலுவை அடையாளம் போடவில்லை.

"ஜெராட், அலை வரேல்லையடா. நான் குடிக்கிறபடியால் இனி என்னோட கடலுக்கு வரமாட்டன் எண்டு சொன்னனி. துடுப்பால மண்டையில அடிச்சது நான். விழுந்தாப் பிறகும் நீயே ஏறி வா எண்டு பார்த்துக்கொண்டு நிண்டது நான்."

பின்னால் விம்மல் நின்றது.

கொட்டில் அடுப்படியில் கிடந்த விறகுக்கட்டை அவன் விலாவில் இறங்கியது. எலும்பு முறிந்தது. ஜெயகௌரி தோளிலும் காதிலும் மாறி மாறி அடித்தாள். அவன் குப்புற விழுந்தான், திரும்பவும் முழங்காலுக்கு வந்தான். கைகளைத் தொடையில் வைத்தபடியே இருந்தான். தடுக்க ஒரு விரலும் உயரவில்லை.

அவளுக்கு மூச்சு வாங்கியது.

"எவ்வளவு நேரம் தண்ணிக்குள்ள இருந்தவர்?"

"ஒரு சிகரெட் பத்தி முடியுமட்டும்."

"கூப்பிட்டவரோ?"

"ஓம்."

"ஆரை?"

"முதல் என்னை. பிறகு உன்னை."

கட்டை மீண்டும் உயர்ந்தது. பாதியில் நின்றது. அவள் அதை எறியவில்லை.

"எழும்பு. பொலிசுக்கு நட."

லோறன்ஸ் விலாவைப் பிடித்துக்கொண்டு எழும்பினான்.

"சும்மா நடவாதை. அவருக்குத் திரும்ப முதல்ல இருந்து சொல்லு. நான் கேக்கிறன்."

வாயில் ஊறிய இரத்தத்தைத் துப்பிவிட்டு, "ஜெராட்" என்று தொடங்கினான். கற்பாதை நெடுகச் சொல்லிக்கொண்டே போனான். துப்பிய இடங்களைத் தவிர எங்கும் நிறுத்தவில்லை.