குறைக்க வேண்டிய செலவு

திரையில் தெரிந்தது என் அம்மா.

ஏணி மேல் நின்று பீச் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். முகத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்ததில் கண்கள் மட்டும்தான் வெளியே. ஆனாலும் இடது புருவத்தை இரண்டாய்ப் பிளக்கும் தழும்பை எனக்குத் தெரியாதா? படத்தின் தலைப்பில் கொட்டை எழுத்தில், ‘குறைக்க வேண்டிய செலவு’.

ஃபிரெஸ்னோ நகரத்துக்குத் தெற்கே ஒரு கம்யூனிட்டி காலேஜில் வேளாண் வணிகம் படிக்கிறேன். காலையில் பழம் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை, மாலையில் வகுப்பு. அன்று ஹாஸ்கெட் சார் தோட்டத்துச் செலவுகளை விளக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த ஏணி இருக்கற இடத்துல ஒரு மிஷினை நிறுத்துங்க சார்," என்றான் கோல்ட்டன். பாதாம் தோட்டக்காரர் மகன். "தண்ணி கேக்காது, பாத்ரூமும் கேக்காது."

வகுப்பு சிரித்தது. எழுந்து நின்றேன்.

"அது எங்கம்மா."

சிரிப்பு நின்றது. சாரின் முகம் சிவந்தது. "ஐயோ, நயேலி! நெட்ல கிடைச்ச படம்மா. மனசுல வச்சுக்காதீங்க, மாத்திடறேன்."

வீட்டில் சொன்னதும் அம்மாவுக்கு ஒரே குஷி. "காலேஜ்லயா? நானா? தொப்பி கோணலா இருந்துச்சாடி?" தோர்த்தியா ரொட்டியைக் கல்லில் திருப்பிப் போட்டபடியே கேட்டாள், "கீழ என் பேரு போட்டிருந்தாங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. தலைப்பைச் சொன்னேன்.

"செலவா? நானா?" அடுப்பை அணைத்தாள். "அப்ப பழமெல்லாம் மரத்துலேர்ந்து தானா இறங்கி, லாரி ஏறி, கடைக்குப் போயிடுச்சாமா?"

அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த வகுப்பில் படம் மாறியிருந்தது. நரைத்த மீசைக்காரர் ஒருவர், வெயிலில் குனிந்து திராட்சை வெட்டிக்கொண்டிருந்தார். தலைப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. சார் என் பக்கம் பார்த்துச் சிரித்தார்.

"இவரு உங்க சொந்தக்காரர் இல்லையே?"

மறுபடியும் சிரிப்பு. நேரே நடந்து போய், சுவரிலிருந்து ப்ரொஜெக்டர் வயரைப் பிடுங்கினேன்.

"இவரும் யாரோ ஒருத்திக்கு அப்பாதான் சார். அவ இங்க இல்ல, அவ்வளவுதான்."

காலேஜ் மேலதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். மன்னிப்புக் கேட்டால் விஷயம் இத்தோடு முடியுமாம். கேட்க மாட்டேன் என்றேன். ஒரு வாரம் வகுப்புக்கு வரக்கூடாது என்றார். அந்த வாரம் முழுக்கக் கொட்டகையில் பெட்டிகளைப் போட்டு உடைக்காத குறை. படிப்பே வேண்டாம் என்று ஒரு நாள் வீட்டில் கத்தவும் செய்தேன். "விட்டுட்டா யாருக்குடி சந்தோஷம்? அந்த பாதாம் பையனுக்கா?" என்று அம்மா பதிலுக்குக் கத்தினாள்.

திரும்பிப் போனேன். திரையில் இப்போது படமே இல்லை, வெறும் எண்கள். தலைப்பு மட்டும் அதே இடத்தில். கையைத் தூக்கினேன்.

"சொல்லுங்க, நயேலி." சாரின் குரலில் பயம் இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

"தோட்டத்து முதலாளி வருஷா வருஷம் வாங்கற புது வண்டி இதுல எந்த வரியில வருது சார்? அதை ஏன் யாரும் குறைக்கச் சொல்லல?"

கோல்ட்டன் ஏதோ முணுமுணுத்தான். யாரும் சிரிக்கவில்லை. சார் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அது... அடுத்த பாடத்துல வரும். உக்காருங்க."

"இப்பவே சொல்லுங்க சார்," என்றேன். உட்காரவில்லை.