பூட்டிய வார்டு

தையல்காரிக்கு இழுப்பு நோய் சின்ன வயதிலிருந்தே உண்டு. துணித்தூசி ஏறினால் நெஞ்சை அடைக்கும். குப்பி மருந்தை வாயில் அடித்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் மறுபடி மெஷினில் உட்கார்ந்துவிடுவாள். அன்று மதியம் மருந்து கேட்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தும் மூச்சு உள்ளே இறங்க மறுத்தது. கையால் சுவரை அறைந்தாள். பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்த கணவன் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவந்தான். அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"பேசாத. ஒண்ணும் பேசாத. இதோ போயிடலாம்."

சரக்கு ஆட்டோவில் அவளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு ஓட்டினான். ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் அதன் அவசர வார்டு போன வருடமே மூடப்பட்டிருந்தது. டாக்டர்கள் போதவில்லை என்று மாவட்டத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் எல்லாம் அவசர வார்டுகளைப் பூட்டிவிட்டு, எதுவானாலும் தலைமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அது மலையிறங்கி, பாலம் தாண்டிப் போக வேண்டிய தூரம்.

இங்கே மிஞ்சியிருந்தது கட்டுப்போடும் அறையும் ஒரே ஒரு நர்சும்தான். அவள் பார்த்த உடனே ஊசி போட்டாள். ஊசியும் கேட்கவில்லை.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். அங்கிருந்து கிளம்பி வரணும்."

"அதுவரைக்கும் இவ தாங்குவாளா சிஸ்டர்?"

நர்ஸ் நடையின் கோடியில் இருந்த கதவைப் பார்த்தாள். "ஆக்ஸிஜன் அதுக்குள்ளதான் இருக்கு. சாவி ஆஸ்பத்திரி அதிகாரிகிட்ட. போனை எடுக்கவே மாட்டேங்கிறார்."

வெல்டர் ஆட்டோவுக்கு ஓடிச் சம்மட்டியோடு திரும்பினான். கதவை மறித்துக்கொண்டு காவலாளி நின்றான். தலை நரைத்த, உடம்பு தளராத ஆள். இதற்கு முன் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் சாமான் திருடு போனதற்கு இவனைத்தான் பிடித்து உள்ளே வைத்தார்கள். வெளியே வந்து வேறு வேலை கிடைப்பதற்குள் குடும்பம் சீரழிந்துவிட்டது.

"அண்ணே, தள்ளுங்க."

"தம்பி, இந்தப் பூட்டு உடைஞ்சா என்னைத்தான் உள்ள தூக்கிப் போடுவாங்க. ஆம்புலன்ஸ் வந்துடும், பொறு."

"அவ செத்துக்கிட்டிருக்காண்ணே!"

வெல்டர் சம்மட்டியை ஓங்கினான். பூட்டைத்தான் குறிவைத்தான். காவலாளிக்கு அது தன் தலைக்கு வருவதாகத் தோன்றியிருக்க வேண்டும். தடியைச் சுழற்றி அடித்தான். வெல்டரின் முன்கை எலும்பு முறிந்த சத்தம் பெஞ்சில் கிடந்த தையல்காரிக்குக் கேட்டது. சம்மட்டி தரையில் விழுந்தது.

வெல்டர் அலறவில்லை. ஒரு நொடி தொங்கிய கையைப் பார்த்தான். பிறகு, "டேய்!" என்று காவலாளியின் நெஞ்சில் தலையால் முட்டினான். இருவரும் சுவரில் மோதி உருண்டார்கள். காவலாளி மேலே ஏறி, தடியை அவன் கழுத்துக்குக் குறுக்கே வைத்து அழுத்தினான். வெல்டரின் கண்கள் பிதுங்கின. நல்ல கை தரையைத் துழாவி, இடுப்புப் பையிலிருந்து சிதறிய ஸ்பேனரைப் பிடித்தது. அதைக்கொண்டு முகத்தில் குத்தினான். மறுபடி குத்தினான். காவலாளி கண்ணைப் பொத்திக்கொண்டு சரிந்தான்; விரலிடுக்கில் ரத்தம் கொட்டியது. சரிந்தவனை வெல்டர் விடவில்லை.

'போதும், விடுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் நிறுத்திவிடுவான். தையல்காரிக்கு அது தெரியும். அந்த ஒரு வார்த்தைக்கு அவளிடம் மூச்சு இல்லை. வாயைத் திறந்தாள், விசில் போல ஒரு சத்தம்தான் வந்தது.

நர்ஸ் அவர்களைச் சுற்றிக்கொண்டு ஓடிச் சம்மட்டியை எடுத்தாள். இரண்டு கையாலும் தூக்கிப் பூட்டின்மேல் போட்டாள். மூன்றாவது அடியில் கொண்டி பிய்ந்து வந்தது.

ஆக்ஸிஜன் முகமூடி வழியே முதல் காற்று இறங்கியபோது தையல்காரி அழுதாள். அடுத்த கட்டிலில் காவலாளியைக் கிடத்தி நர்ஸ் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். வெல்டர் வாசற்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் சட்டையில் இருந்த ரத்தத்தை யாருடையதோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆம்புலன்ஸ் வந்து காவலாளியை ஏற்றிக்கொண்டது. போலீஸ் வந்து வெல்டரை ஏற்றிக்கொண்டது.

காவலாளியின் இடது கண் போய்விட்டது. நர்சை மலைக்கு அந்தப் பக்கம் மாற்றினார்கள். வார்டை மறுபடி பூட்ட ஆள் வந்தபோது ஊர்ப் பெண்கள் கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தார்கள். கடைசியில் பகல் நேரத்துக்கு மட்டும் ஒரு டாக்டரை அனுப்பினார்கள்.

வழக்கு வருவதற்கு முன் தையல்காரி காவலாளி வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது அவன் மனைவி.

"எந்த முகத்தோட வந்த? போ வெளிய!"

"உள்ள விடு," என்றான் காவலாளி. "என்னம்மா, மாத்திச் சொல்லணுமா? சொல்ல மாட்டேன். அவன் என் கண்ணைப் பறிச்சான்."

"மாத்திச் சொல்ல வேணாம்ணே. அவர் செஞ்சது தப்புதான். யார் முதல்ல அடிச்சதுன்னும் சொல்லுங்க. அவ்வளவுதான்."

"இவ பேச்சைக் கேக்காதீங்க," என்றாள் மனைவி. தையல்காரி எழுந்து வந்துவிட்டாள்.

கோர்ட்டில் அவன் இரண்டையும் சொன்னான். "முதல் அடி என்னோடதுங்க ஐயா. அந்தப் பொண்ணு மூச்சுக்குத் தவிக்கறதைப் பாத்துக்கிட்டேதான் நின்னேன். எனக்கு ஜெயிலுக்குப் பயம். ஆனா நான் விழுந்த பிறகும் இவன் அடிச்சான். அதை மன்னிக்க மாட்டேன்."

சாவியை வைத்திருந்த அதிகாரியைப் பற்றி அவன் பேச ஆரம்பித்ததும், அது இந்த வழக்கில் வராது என்று நிறுத்திவிட்டார்கள். வெல்டருக்கு எல்லோரும் பயந்ததைவிடக் குறைவான தண்டனைதான் கிடைத்தது. வண்டியில் ஏறும்முன் அவன் காவலாளியைப் பார்த்துக் கும்பிட முயன்றான். கோணலாகச் சேர்ந்த அந்தக் கை நெஞ்சுக்கு மேல் எழும்பவில்லை. காவலாளி பார்க்கவில்லை, வெல்டர் நின்றது அவனுக்குப் பார்வை போன பக்கம்.

வெளியே படி இறங்கும்போது காவலாளியின் கால் தடுமாறியது. தையல்காரி சட்டென்று முழங்கையைப் பிடித்தாள்.

"விடும்மா," என்றான். "எனக்கு இறங்கத் தெரியும்."

கையை உதறிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி இறங்கிப் போனான்.