பதினோரு அடி கிழக்கே

மாநில எல்லை பிரித்த வருஷம் விஜயபுரத்துக்குப் பக்கத்தில் புது ரோடு போட்டார்கள். பிள்ளைகளைப் புதைக்கிற மேட்டின் மேலேயே அது போனது. எலும்பை எடுத்துக்கொள்ள வேண்டியவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று தமுக்கு அடித்தார்கள். எங்கள் வள்ளி அங்கேதான் இருந்தாள். நாலு வயதில் அம்மை போட்டுப் போனவள்.

ரோடு வேலைக் குமாஸ்தா கிருஷ்ணப்பா ஒரு படிவத்தை நீட்டினார். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன் நான். தமிழ் தட்டுத்தடுமாறி ஓடும். கட்டத்தின் தலையில் இருந்தது இங்கிலீஷ்.

"இன்னா சாமி இது?"

"ஸ்பெசிஃபை. பொதுவா சொல்லாம, இதுதான்னு பிரிச்சுச் சொல்றது. சந்தையில ஆடு வேணும்னு கேட்டா எதையாவது தள்ளிவுட்டுடுவான். காது கிழிஞ்ச கறுப்பு ஆடுன்னு கேளு, அது ஒண்ணுதான் வரும்."

"மேட்டுலதான் சாமி புதைச்சோம்."

"மேடு முழுக்க உன் பொண்ணாய்யா? எத்தினி அடி, எந்தப் பக்கம், இன்னா போட்டிருந்தது, எழுது."

எனக்குத் தெரியாது. பிள்ளையைப் புதைத்தால் நாங்கள் கல் நடமாட்டோம், திரும்பியும் பார்க்கமாட்டோம். அதைச் சொன்னால் படிவத்தை வாங்கமாட்டார். மனம் போன போக்கில் எழுதினேன்: வேப்பமரத்துக்குக் கிழக்கே பதினோரு அடி, தலை தெற்கே, இடது கையில் இரண்டு நீலக் கண்ணாடி வளையல்.

சனிக்கிழமை உச்சிவெயிலில் நானே கடப்பாரை பிடித்தேன். பதினோராவது அடியில், இடுப்பளவு ஆழத்தில், தலை தெற்கே இருந்தது. நீல வளையல் இரண்டு. மண்கூட ஒட்டவில்லை.

"பாத்தியா? ஒழுங்கா எழுதினா ஒழுங்கா கெடைக்குது" என்று கிருஷ்ணப்பா சிரித்தார்.

எனக்கு வேர்வை நின்றுபோனது.

என் மனைவி ரத்தினம்மா எலும்பைக் கட்டிய மூட்டையை மடியில் வாங்கினாள். குனிந்து காது வைத்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம வள்ளிக்கு வளையலே போடலியே. இது வேற பேரு சொல்லுதுய்யா."

"இன்னா பேரு?"

"தாட்சாயணியாம். எங்கம்மா எங்கன்னு கேட்டுக்கினு கீது."

"இன்னொரு எடத்துல தோண்டட்டுமா சாமி?" என்று கிருஷ்ணப்பாவைக் கேட்டேன்.

"நேத்தோட கெடு முடிஞ்சுதுய்யா. அடையாளமெல்லாம் சரியாத்தானே கீது? இது உன்னுது இல்லேன்னா குழியிலயே வுட்டுடு."

ரோடு எஞ்சின் புகை விட்டுக்கொண்டிருந்தது. ரத்தினம்மா மூட்டையைக் கீழே வைக்கவில்லை. பெயர்க் கட்டத்தில் வள்ளி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் குழந்தையை எங்கள் கொல்லையில் வைத்தோம். அம்மாவைக் கேட்கிறபோதெல்லாம் ரத்தினம்மா எழுந்து போய்ப் பதில் சொல்லிவிட்டு வருகிறாள்.

வள்ளி ரோட்டுக்கு அடியில். அங்கே ஜல்லி சுமப்பதுதான் இன்றைக்கும் என் வேலை. எந்த இடம் என்று தெரியாததால், சுமையோடும் எல்லா இடத்திலும் மெதுவாகத்தான் கால் வைக்கிறேன்.